நீ நிரப்பி வைத்துவிட்டுப் போன தோம்பு

என் அன்புச் சகலை தேவாவுக்கு,

நீ நிரப்பி வைத்துவிட்டுப் போன பீர் தீர்ந்துவிட்டது. நம் தோம்பை, அந்த எஃகுப் பீப்பாயைக் கழுவி, மெர்கோங்கில் என் கடைக்குப் பின்னால் இருக்கும் நம் அறையில் கவிழ்த்து வைத்திருக்கிறேன். பீர் எப்படி வந்தது என்று கேட்பாய். சொல்கிறேன். ஆனால் அதற்கு முன்னால் நடந்ததையெல்லாம் சொல்ல வேண்டியிருக்கிறது. நீதான் எதையும் பார்க்காமல் போய்விட்டாயே.

நான் நன்றாக இருக்கிறேனா என்று கேட்டால், தெரியவில்லை. எதுவும் உறைக்காமல் நாள் போகிறது. வீடு வீடாகப் போய் ஏணி ஏறி ஏர்கோனைக் கழற்றுகிறேன், கழுவுகிறேன், மாட்டுகிறேன். ராஜி வைக்கும் குழம்பில் உப்பு கூடினாலும் குறைந்தாலும் ஒன்றுபோலத்தான் இருக்கிறது. நீ இறந்துவிட்டாய் என்பது எனக்குத் தெரியும். ஆனால் அது யாரோ சொன்ன செய்தி மாதிரி வாசலிலேயே நின்றுகொண்டிருந்தது. உள்ளே வா என்று நானும் கூப்பிடவில்லை.

நமக்குள் என்ன உறவு, யோசித்திருக்கிறாயா? நீ செல்வியைக் கட்டினாய், நான் அவள் அக்கா ராஜியைக் கட்டினேன். அவ்வளவுதான். இரண்டு பெண்கள் உடன்பிறந்த பாவத்துக்கு நாம் இரண்டு பேரும் ஒரே பந்தியில் உட்கார வேண்டியதாயிற்று. ஊரில் சகலைகள் முறைத்துக்கொண்டுதான் பார்த்திருக்கிறேன். மாமியார் வீட்டில் யாருக்குப் பெரிய மீன் துண்டு என்று பார்ப்பார்கள். நாம் எப்படி இப்படி ஆனோம்? நீ குருணில் ஃபெக்டரியில் பாய்லர் பார்க்கிறவன், நான் குளிர் பார்க்கிறவன். "சூடு என் பொறுப்பு, குளுரு உன் பொறுப்பு சகல. பீருக்கு வேற என்ன வேணும்?" என்று நீ முதல் நாள் சொன்னது அப்போது எனக்குச் சிரிப்பாக இருந்தது.

நம் மனைவிமார் சம்மதித்ததுதான் இன்னும் ஆச்சரியம். அவர்கள் அப்பா தோட்டத்து லைன் வீட்டில் சம்சு குடித்தே ஈரல் கெட்டுச் செத்தவர். போத்தல் உருளும் சத்தம் கேட்டாலே ராஜிக்கு இன்றைக்கும் முகம் மாறிவிடும். அவர்களிடம் போய், வீட்டிலேயே பீர் காய்ச்சப் போகிறோம் என்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. நீதான் சொன்னாய். ராஜி நிபந்தனை போட்டாள்: ஆளுக்கு ஒரு கிளாஸ், அது உள்ளே போனபின் யாரும் மோட்டார் சைக்கிளைத் தொடக்கூடாது, வெளியாளுக்கு ஒரு சொட்டு போகக்கூடாது. நீ மூன்றையும் சத்தியம் மாதிரி காத்தாய். செல்வி மட்டும் நிபந்தனை ஒன்றும் போடவில்லை. "என் கண்ணுல படக்கூடாது" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள். அதனால்தான் நம் அறை குருணில் உன் வீட்டில் இல்லாமல் மெர்கோங்கில் அமைந்தது.

இத்தனை நாளும் நாம் போட்டது, சீக்கிரம் நுரைத்து சீக்கிரம் குடிக்கிற வகை. இந்த முறை நீதான் லாகர் போடலாம் என்று நின்றாய். கடைக்காரர் ஒருவர் கழித்துவிட்ட ஐஸ்கிரீம் ஃப்ரீசரை நான் பிரித்து மேய்ந்து, வேண்டிய குளிரில் நிற்கும்படி செய்தேன். குளிரிலேயே மெதுவாக நொதித்து, பிறகு தோம்பில் அடைத்து, ஐஸ் ஆவதற்குக் கொஞ்சம் முன்னால் வரை குளிர வைத்து, மாதக்கணக்கில் விட்டுவிட வேண்டும் என்றாய். "மாசக்கணக்கிலா?" என்று கேட்டேன். "அவசரப்படுறவனுக்கு இது இல்ல, சகல" என்றாய்.

அந்த வெள்ளிக்கிழமை மதியம் நினைவிருக்கிறதா? உனக்கு நினைவு என்று ஒன்று இப்போது இருக்கிறதா? நாம் இரண்டு தோம்பு கழுவினோம். ஒன்றின் மூடி சரியாக உட்காராமல் காற்று கசிந்தது. அதை ஃபெக்டரி பட்டறையில் சரிசெய்துகொண்டு வருகிறேன் என்று உன் கார் பின்பெட்டியில் போட்டாய். மற்றதில் முதலில் கேஸை விட்டுக் காற்றை விரட்டினாய். பீர் மேல் காற்றுப் பட்டால் நனைந்த அட்டைப்பெட்டி நாற்றம் வந்துவிடும் என்று நூறு முறை சொன்னவன். பிறகு நுரை எழாமல், அடியிலிருந்து மெதுவாக நிரப்பினாய். மூடியை அழுத்தி, கேஸ் குழாயை மாட்டி, ஃப்ரீசருக்குள் இறக்கினோம். மேலே ஒரு டேப்பை ஒட்டி மலாயில் 'ஜாங்கான் உசிக்' என்று எழுதினாய். தொடாதே என்று. "யாரு தொடப் போறா? நாம ரெண்டு பேருதான இருக்கோம்" என்றேன். "உனக்குத்தான் எழுதினேன்" என்று சிரித்தாய்.

மறுநாள் காலையில் குருண் பசாரில் மீன் வாங்கிக்கொண்டு நின்றவன், மீன் பையோடு உட்கார்ந்தாய். பிறகு சாய்ந்தாய். ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. இருதயக் குழாய் அடைப்பு என்றார் டாக்டர். உன் அப்பாவும் அப்படித்தான் போனார் என்பதை உன் அண்ணன் குணாவே அங்கே சொன்னார்.

நான் வேலையெல்லாம் ஒழுங்காகச் செய்தேன், சகலை. கூடாரத்துக்குச் சொன்னேன், நாற்காலிக்குச் சொன்னேன், பூசாரிக்குச் சொன்னேன். கோலாலம்பூரில் படிக்கும் உன் மகள் துர்காவை பஸ் நிலையத்திலிருந்து நான்தான் கூட்டிவந்தேன். வழியில் அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை. எல்லாரும் அழுதார்கள். நான் ஐஸ் பெட்டியின் குளிர் போதுமா என்று கையை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். பழக்கதோஷம்.

இதை உன்னிடம் சொல்வதா வேண்டாமா என்று யோசித்தேன். சொல்லிவிடுகிறேன். மறுநாள் உன்னை எடுப்பதற்கு முன்னால், வாழைத்தார் ஏற்றிவர குணா அண்ணன் உன் காரை எடுத்தார். பின்பெட்டியைத் திறந்தால் அந்தக் காலித் தோம்பு. அதைத் தூக்கிவந்து கூடாரத்துக்கு நடுவில், எல்லார் முன்னாலும் 'டங்' என்று வைத்தார்.

"பாத்துக்குங்க! இதான் என் தம்பிய கொன்னுச்சு! வீட்டுல பீரு காய்ச்சிக் குடிச்சா ஹார்ட்டு தாங்குமா?"

யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அந்த ஒன்றும் சொல்லாததற்குள் எல்லாரும் ஒத்துக்கொண்டது எனக்குத் தெரிந்தது. அன்று மாலைக்குள் தாமான் குடியிருப்பு முழுக்க அதுதான் பேச்சு. 'தேவா குடிச்சே செத்துட்டானாம் லா.' ஆளுக்கு ஒரு கிளாஸ் தாண்டாதவனுக்கு அந்தப் பெயர்.

செல்வி உன் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். அவள் நிமிர்ந்து அந்தத் தோம்பைப் பார்த்தாள். கண்ணில் படக்கூடாது என்று இத்தனை வருஷம் சொல்லிக்கொண்டிருந்த பொருளை அப்படித்தான் முதன்முதலில் பார்த்தாள். நான் போய்த் தோம்பை எடுத்து என் வேனில் வைத்தேன். ஏதாவது சொல்லியிருக்கலாம்.

கருமாதிக்கு முதல் நாள் படையல். உனக்குப் பிடித்ததையெல்லாம் வைத்தார்கள். நண்டு, மீன் சம்பல், நீ விரும்பும் அந்த வெள்ளரிக்காய் அச்சார். குணா அண்ணன் ஒரு ஸ்டவுட் பீர் போத்தல் வாங்கிவந்து வாழையிலைப் பக்கத்தில் வைத்தார். வைக்கிற வழக்கம்தானே. கூடாரத்தில் அப்படிக் கத்தியவரும் அவர்தான், படையலுக்குப் போத்தல் வாங்கிவந்தவரும் அவர்தான். அவரையும் குற்றம் சொல்ல முடியவில்லை.

செல்வி அடுப்படியிலிருந்து வந்தாள். "மாமா, அந்தப் போத்தல எடுத்துருங்க. அவரு கடை பீரத் தொடமாட்டாரு."

"பின்ன எத வைக்கச் சொல்ற? அவன் உயிரே அதுலதான இருந்துச்சு."

செல்வி என் பக்கம் திரும்பினாள். "அத்தான், நீங்க ரெண்டு பேரும் கடைசியா போட்டது இருக்கா?"

எனக்கு ராஜியைத்தான் பார்க்கத் தோன்றியது. அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "இருக்கு செல்வி" என்றேன். "ஆனா இன்னும் ஆகல. இப்பத் தொறந்தா பச்ச வாட அடிக்கும். அவன் மொத்தம் ரெண்டு மாசம் விடணும்னு சொன்னான்."

"ஆவாததக் குடிப்பாரா அவரு?"

"துப்பிடுவான்."

"அப்ப ஆவட்டும். ஆன பொறவு வச்சுக்கலாம்." சொல்லிவிட்டு உள்ளே போய் உனக்குப் பால் இல்லாத தே ஓ ஒன்று கலக்கிக் கொண்டுவந்து வைத்தாள். போத்தலை குணா அண்ணன் திரும்ப எடுத்துப் போனார்.

அன்றிலிருந்து தோம்பு என் பொறுப்பாகிவிட்டது. தினமும் காலையில் கடையைத் திறந்ததும் பின்னறைக்குப் போவேன். குளிர் எவ்வளவு, கேஸ் மீட்டர் எவ்வளவு என்று பார்ப்பேன். பார்த்துவிட்டு மூடுவேன். செய்ய வேண்டியது வேறு ஒன்றும் கிடையாது. சில நாள் மூடிய ஃப்ரீசர் மேலேயே உட்கார்ந்திருப்பேன். உன்னை நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன் என்று எழுத ஆசைதான். ஆனால் பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது? ஒன்றும் நினைக்காமல்தான் உட்கார்ந்திருந்தேன். கடையில் ஆள் வந்து கூப்பிட்டால் எழுந்து போவேன்.

ஒரு வாரம் மீட்டர் முள் கொஞ்சம் இறங்கியிருந்தது. அடுத்த சில நாளில் இன்னும் இறங்கியது. எங்கோ கேஸ் கசிகிறது. சிலிண்டர் காலியாகிவிட்டால் தோம்பில் அழுத்தம் போய்விடும், மூடி தளரும், காற்று புகும். பிறகு நனைந்த அட்டைப்பெட்டிதான். சோப்புத் தண்ணீர் அடித்துப் பார்த்தேன். ஃப்ரீசருக்குள் இருட்டு, பனி, எங்கே குமிழ் வருகிறது என்று தெரியவில்லை. காதால் பிடிக்க எனக்கு முடியாது என்பது உனக்குத் தெரியும். வாலிபத்தில் பெண்டாங் பக்கம் அரிசி ஆலையில் வேலை செய்த காலத்திலேயே மெல்லிய சத்தமெல்லாம் எனக்குப் போய்விட்டது. கசிவைக் கேட்கிறது எப்போதும் நீதான். நான் ஸ்பானரோடு நிற்பேன், நீ கண்ணை மூடிக்கொண்டு விரலைக் காட்டுவாய்.

அந்த வாரம் செல்விக்கு உன் காரியமாக இங்கே அலோர் ஸ்டாரில் ஏதோ ஆபீஸ் வேலை இருந்தது. முடித்துவிட்டு ராஜியோடு கடைக்கு வந்தாள். நான் பின்னறையில் ஃப்ரீசருக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தால் வாசலில் செல்வி நிற்கிறாள். அந்த அறைக்கு அவள் வந்ததே கிடையாது. உன் ரப்பர் பூட்ஸ் ஒரு மூலையில் அப்படியே இருந்தது. அதைப் பார்த்தாள். பிறகு ஃப்ரீசர் பக்கத்தில் வந்து, டேப்பில் இருந்த உன் கையெழுத்தை விரலால் தொட்டாள். தொடாதே என்று எழுதியிருந்த டேப்பை.

"என்னத்தான், உஸ்ஸுன்னு சத்தம் வருது?"

"எனக்கு ஒண்ணும் கேக்கலயே. உனக்குக் கேக்குதா?"

"ஃப்ரீசரு சத்தத்துக்குள்ள சன்னமா வருது."

நான் ஃப்ரீசரை நிறுத்தினேன். அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, குனிந்து, தலையை உள்ளே விட்டாள். குளிரில் அவள் மூச்சு புகையாக வந்தது. தோம்பைச் சுற்றி மெதுவாகக் காதைக் கொண்டுபோனாள். கேஸ் குழாய் வந்து மாட்டும் இடத்துக்குக் கீழே, பின்பக்கமாக விரலை வைத்தாள்.

"இங்க."

சோப்புத் தண்ணீரைத் தொட்டு வைத்தேன். சற்று நேரம் ஒன்றுமில்லை. பிறகு ஒரு சின்னக் குமிழ் வந்து பெரிதாகி உடைந்தது. உள்ளே இருந்த ரப்பர் வளையம் ஓரத்தில் வெட்டுப்பட்டிருந்தது. வேறு வளையம் போட்டு, கொஞ்சம் கிரீஸ் தடவி, இறுக்கினேன்.

"இப்ப?"

"இப்ப இல்ல."

சத்தம் நின்ற பிறகும் அவள் தலையை எடுக்கவில்லை. காதைத் தோம்பின்மேல் வைத்தபடியே இருந்தாள். ராஜி, "குளுருல தலவலி வரும், வாடி" என்றாள்.

"உள்ள என்ன நடக்குது அத்தான்?"

நீயாக இருந்தால் அழகாகச் சொல்லியிருப்பாய். எனக்குத் தெரிந்த மாதிரி சொன்னேன். ஈஸ்ட் கொஞ்சம் கொஞ்சமாக அடியில் போய்ப் படியும், மேலே தெளியும். முரட்டு வாடையெல்லாம் தானாகப் போகும். கேஸ் மெதுவாகப் பீருக்குள் ஊறும். நாம் செய்வது ஒன்றும் இல்லை.

"ஒண்ணும் செய்யாம விட்டாலே ஆயிடுமா?"

"குளுரு நிக்கணும். கேஸு நிக்கணும். ஆட்டக்கூடாது. அவ்வளவுதான்."

"என்னையும் யாராச்சும் கொஞ்ச நாளு ஆட்டாம விட்டா போதும்" என்றாள்.

ஆறுதல் சொல்கிறோம் என்று வருகிறவர்கள் அவளை எப்படி உலுக்கினார்கள் என்று எங்களுக்குத் தெரியும். குடிகாரனைக் கட்டி என்ன கண்டாய் என்று முகத்துக்கு நேராகவே ஒருத்தி கேட்டிருக்கிறாள். அன்று ராஜி அவளைக் குருணுக்கு அனுப்பவில்லை. சில நாள் எங்கள் வீட்டிலேயே இருந்தாள். யாரும் அவளிடம் எதுவும் கேட்கவில்லை. காலையில் என்னோடு கடைக்கு வருவாள், ஃப்ரீசரைத் திறந்து காதை வைப்பாள், "இல்ல" என்பாள், போய்விடுவாள். அந்த ஒரு சொல்தான் அந்த நாட்களில் எனக்குக் கிடைத்த நல்ல செய்தி.

நீ போனபின் வந்த இரண்டாவது அமாவாசை சனிக்கிழமையில் விழுந்தது. எல்லாருக்கும் லீவு நாள். செல்வியே ஃபோன் செய்தாள். "அத்தான், ஆயிடுச்சா?" முந்தின வாரம் ஒரு வாய் பிடித்துப் பார்த்திருந்தேன். "ஆயிடுச்சு" என்றேன். "கொண்டுவாங்க. குணா மாமாவையும் கூப்பிட்டிருக்கேன்."

ஒரு நாள் முன்பே தோம்பை ஐஸ் கட்டிகளுக்கு நடுவில் வைத்து, வேனில் கொண்டுபோனேன். வண்டி குலுங்கினால் அடியில் படிந்தது கலங்கிவிடும். நெடுஞ்சாலையில் லாரிக்காரனெல்லாம் ஹார்ன் அடித்துத் தாண்டிப் போனான். உன் வீட்டு அடுப்படி மூலையில் இறக்கி வைத்து, ஒரு இரவு அசையாமல் விட்டேன். செல்வி அதைத் தாண்டித் தாண்டித்தான் சமைத்தாள்.

படையல் நேரத்துக்கு குணா அண்ணன் மனைவியோடு வந்தார். உன் ஃபெக்டரி நண்பர்கள் இரண்டு பேர் வந்தார்கள். துர்கா முந்தின நாளே வந்திருந்தாள். நான் குழாயைத் திறந்தேன். முதல் கிளாஸ் கலங்கலாக வந்தது, ஊற்றிவிட்டேன். அடுத்தது தெளிந்து வந்தது. சகலை, எப்படித் தெளிந்தது தெரியுமா? கிளாஸுக்குப் பின்னால் வைத்த விரலில் ரேகை தெரிந்தது. நுரை வெள்ளையாக எழுந்து அப்படியே நின்றது. அந்தக் கிளாஸைச் செல்வி வாங்கி, உன் படத்துக்கு முன்னால் வைத்தாள். கற்பூரம் காட்டினோம்.

அடுத்த கிளாஸை அவளே கொண்டுபோய் குணா அண்ணன் முன்னால் நீட்டினாள்.

"எனக்கு வேணாம்மா."

"குடிங்க மாமா. இதான உங்க தம்பியக் கொன்னுச்சு? என்னன்னுதான் பாத்துடுங்களேன்."

அண்ணி எழப் பார்த்தார். குணா அண்ணன், "அன்னிக்கு ஏதோ வாயில வந்ததச் சொல்லிட்டேன்" என்றார்.

"நீங்க சொன்னத ஊரு இன்னும் சொல்லிக்கிட்டு இருக்கு மாமா." செல்வி குரலை உயர்த்தவில்லை. "எங்க அப்பா குடிச்சுச் செத்தவரு. சம்பளம் கைக்கு வந்தா வீட்டுக்கு வர்ற வழியிலயே போத்தல ஒடச்சிருவாரு. லைன் வாசல் வரைக்கும் பொறுக்காது அவருக்கு. உங்க தம்பி இத நெரப்பி வச்சிட்டு, ரெண்டு மாசம் தொடக்கூடாதுன்னு அவரே அவருக்கு எழுதி ஒட்டியிருக்காரு. எந்தக் குடிகாரன் மாமா ரெண்டு மாசம் காத்துக் கெடப்பான்? சொல்லுங்க."

குணா அண்ணன் கிளாஸை வாங்கினார். ஒரு வாய் குடித்தார். இன்னொரு வாய். பிறகு கிளாஸைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார்.

"எங்கப்பாரு விழுந்தப்பவே இவன ஒரு தடவ கொண்டுபோய்க் காட்டியிருக்கணும்மா. நான் மூத்தவன். எனக்குத் தோணல. யாரு மேலயாச்சும் போடணும்போல இருந்துச்சு. அந்தத் தோம்பு கண்ணுல பட்டுச்சு."

"எனக்கும் அப்படித்தான் மாமா இருந்துச்சு" என்றாள் செல்வி. அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டாள்.

பிறகு எல்லாருக்கும் ஆளுக்கு ஒரு கிளாஸ் பிடித்துக் கொடுத்தேன். உன் நண்பர்கள் உன்னைப் பற்றி ஏதேதோ சொல்லிச் சிரித்தார்கள். பாய்லர் அறையில் நீ மலாய்ப் பாட்டைத் தமிழில் மாற்றிப் பாடுவாயாம். எனக்குத் தெரியாதே? செல்வி குடிக்கவில்லை. உன் கிளாஸை எடுத்து முகர்ந்து பார்த்தாள். "ரொட்டி வாசம்" என்றாள். திரும்ப உன் முன்னால் வைத்துவிட்டாள்.

நானும் குடித்தேன். நன்றாக இருந்தது. அது நன்றாக இருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது, மீட்டரைப் பார்த்து அளவைத் தெரிந்துகொள்வது மாதிரி. முதல் வாய் விழுங்கியதும் பழக்கத்தில் இடது பக்கம் திரும்பி, "எப்படி?" என்று கேட்டுவிட்டேன். உன் நண்பர், "சூப்பர் லா அண்ணே" என்றார். அவரும் பாவம், மனசாரத்தான் சொன்னார்.

சாயங்காலம் எல்லாரும் போனபின் துர்கா கிளாஸ்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். நான் குழாயைக் கழற்றிக்கொண்டிருந்தேன். திரும்பாமலே கேட்டாள்.

"பெரியப்பா, நான் படிப்ப நிறுத்திடட்டுமா?"

"ஏன்?"

"அம்மா தனியா இருக்காங்க. அப்பா வேல செஞ்ச ஃபெக்டரிலயே ஆபீசுக்கு ஆள் எடுக்குறாங்களாம். இன்னிக்கு வந்த அந்த அங்கிள் சொன்னாரு. அம்மாகிட்ட கேட்டா, உன் இஷ்டம்னு சொல்றாங்க. அப்பா இருந்தா என்ன சொல்லியிருப்பாரு?"

நான் கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்தேன். உன் வீட்டில் நான் எதையும் முடிவு செய்ததில்லை. சகலை என்கிறவன் கல்யாணத்தில் முன்னால் நிற்பான், சாவில் பின்னால் நிற்பான், நடுவில் அவனை யாரும் எதற்கும் கேட்பதில்லை. நீ என்ன சொல்லியிருப்பாய்? படிக்கச் சொல்லியிருப்பாயா? அம்மாவோடு இரு என்றிருப்பாயா? எத்தனையோ வெள்ளிக்கிழமை பீரைப் பற்றிப் பேசினோம். இதைப் பற்றி நாம் பேசவே இல்லையே.

"அப்பா என்ன சொல்லியிருப்பாருன்னு எனக்குத் தெரியாதும்மா" என்றேன். "நான் சொல்றேன். நிறுத்தாத. அம்மாவ நாங்க பாத்துக்குறோம். நீ நாளைக்குப் பஸ் ஏறு."

கழுவின கிளாஸையே மறுபடி கழுவினாள். "சரி பெரியப்பா" என்றாள். அவ்வளவு சீக்கிரம் சரி என்பாள் என்று நான் நினைக்கவில்லை. யாராவது ஒருவர் 'வேண்டாம்' என்று சொல்ல வேண்டுமென்றுதான் காத்திருந்தாள் போல.

மறுநாள் காலையில் அலோர் ஸ்டார் பஸ் நிலையத்துக்குக் கூட்டிப்போனேன். இந்த முறை வழியெல்லாம் பேசிக்கொண்டு வந்தாள். ஹாஸ்டல் சாப்பாடு, கூட இருக்கும் பெண்ணின் குறட்டை, பரீட்சை. பெட்டி கனமாக இருந்தது. செல்வி அச்சாரும் சம்பலும் அடைத்துக் கொடுத்திருந்தாள். நான் அதைப் பஸ்ஸின் அடிவயிற்றில் தள்ளிக்கொண்டிருந்தபோது டிரைவர் வந்து ஒரு கை கொடுத்தார். வயதான மலாய்க்காரர். துர்கா படியேறி ஜன்னல் பக்கம் உட்கார்ந்து எனக்குக் கையைக் காட்டினாள். அவர் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"அனாக் பாக்சிக் கா?" என்று கேட்டார். உங்கள் மகளா என்று.

"யா" என்றேன். "அனாக் சாயா." என் மகள் என்று.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே கேட்டது. பெரியப்பா என்று விளக்கியிருக்கலாம். மனைவியின் தங்கை மகள் என்று மலாயில் சொல்ல எனக்குத் தெரியாமல் இல்லை. பஸ் கிளம்பிப் போயிற்று. நான் வேனில் ஏறிச் சாவியைப் போட்டேன், திருக முடியவில்லை. பிறகு வந்தது, சகலை. உன் சாவு வீட்டில் வராதது, கருமாதியில் வராதது, அந்த வேனுக்குள் வந்தது. பக்கத்தில் வண்டி நிறுத்திய ஒருத்தர் கண்ணாடியைத் தட்டி, ஏதாவது உதவி வேண்டுமா என்று கேட்கும் அளவுக்கு அழுதேன்.

உன்னிடம் கேட்காமல் சொல்லிவிட்டேன். உனக்கு வருத்தமா? இருந்தாலும் இனி அதைத் திரும்பப் பெற முடியாது.

அவள் படித்து முடிக்கும் வரைக்கும் ஒவ்வொரு தடவையும் அந்தப் பஸ் நிலையத்துக்கு நான்தான் போவேன், ஏற்றிவிடவும் இறக்கிக்கொள்ளவும். பட்டம் வாங்கும் நாளில் நானும் ராஜியும் செல்வியோடு அங்கே இருப்போம். யாராவது உங்கள் மகளா என்று கேட்டால், ஆமாம் என்றே சொல்வேன். இது உன் சகலை உனக்குத் தரும் வாக்கு.

துர்காவின் பெரியப்பாவும்
உன் சகலையுமான
மணியம்,
மெர்கோங்.